ஹோட்டன் சமவெளிச் சுற்றுக்கு ஐந்து மணித்தியாலம் தாருங்கள்: சுற்றுலா ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சுற்றுலா ஏற்பாட்டாளர்களுக்கும் குழுத் தலைவர்களுக்கும் வேன் சாரதிகளுக்கும்,

வணக்கம்.

போயா விடுமுறையோடு சேர்ந்து வரும் வார இறுதிகளில் இலங்கையின் மத்திய மலைநாட்டில் இருக்கும் ஹோட்டன் சமவெளித் தேசியப் பூங்காவுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் உங்களுக்கு அந்த இடத்தைப் பற்றி நான் புதிதாகச் சொல்வதற்கு எதுவும் இல்லை. பட்டிப்பொலப் பக்கத்தால் ஏறுவதா, ஒஹியப் பக்கத்தால் ஏறுவதா, எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தால் வாயிலில் வரிசை குறைவாக இருக்கும், எந்த நேரத்தில் முகில் எழுந்து உலக முடிவு என்ற அந்தச் செங்குத்துப் பாறை விளிம்பை மூடிவிடும் என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஃபார் இன் கட்டடத்தடியில் தொடங்கி, சிறிய உலக முடிவு, உலக முடிவு, பேக்கர் நீர்வீழ்ச்சி என்று போய்த் தொடங்கிய இடத்துக்கே திரும்பும் அந்தச் சுற்றுப்பாதை ஒன்பது கிலோமீற்றருக்கு மேல் நீளமானது என்பதும் உங்களுக்குத் தெரியும். தெரிந்திருந்தும் அதற்கு நீங்கள் ஒதுக்கும் நேரத்தைப் பற்றித்தான் இந்த மடல். அங்கே நீங்கள் இறக்கிவிடும் மனிதர்களுக்கு ஐந்து மணித்தியாலம் கொடுங்கள் என்று கேட்கிறேன்.

கடந்த மாசி மாதம் என் அம்மாவை அங்கே அழைத்துச் சென்றேன். அம்மாவுக்கு வயது 68. உலக முடிவின் செங்குத்துப் பாறைக்குக் கீழே, மலைச்சரிவில் இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்து, அங்கேயே ஓய்வு பெற்றவர். விடியலில் பெரட்டுக்கு, அதாவது வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, போகும்போதும் மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு லயத்து வீட்டுக்குத் திரும்பும்போதும் அவர் தலையை உயர்த்திப் பார்த்த பாறை அது. அதற்கு மேலே என்ன இருக்கிறது என்று பார்க்க அவருக்கு வாய்ப்புக் கிடைத்ததில்லை. மேலே போவதற்குப் பணம் வேண்டும், வாகனம் வேண்டும், ஒரு நாள் கூலியை விட வேண்டும். மூன்றும் ஒன்றாகக் கூடி வர அவருக்கு இத்தனை வருடங்கள் ஆகிவிட்டன.

அம்மா கேட்டது உலக முடிவை அல்ல. பாறையைக் கீழேயிருந்து பார்த்தவருக்கு அதை மேலேயிருந்து பார்க்க வேண்டும் என்ற அவசரம் எதுவும் இருக்கவில்லை. "நம்ம ஓயாத் தண்ணி மேலேருந்துதானே வருது, அது விழுற எடத்த ஒரு தடவ பாத்துட்டாப் போதும்" என்றார். பேக்கர் நீர்வீழ்ச்சியில் விழுவது பெலிஹுல் ஓயா என்ற ஆறு. அந்த ஓயாதான் சமவெளியை விட்டு இறங்கி, எங்கள் பக்கத்து மலைகளின் ஊடாக ஓடி, பிறகு வளவை கங்கையில் சேர்கிறது. அம்மா துணி துவைத்ததும், பிள்ளைகளைக் குளிப்பாட்டியதும், பீலியில் தண்ணீர் வற்றிய மாதங்களில் குடம் குடமாகச் சுமந்ததும் அந்த ஓயாவில்தான்.

உங்களில் ஒருவர் அறிவித்த ஒருநாள் பயணத்தில் இரண்டு இருக்கைகளுக்கு முழுப் பணமும் கட்டினேன். பயண விபரத்தில் உலக முடிவும் பேக்கர் நீர்வீழ்ச்சியும் அடுத்தடுத்த வரிகளில் இருந்தன. காலை ஏழு மணிக்கு ஃபார் இன்னில் இறங்கியபோதுதான் ஒன்பதரைக்கு எல்லோரும் வேனில் இருக்க வேண்டும் என்று குழுத் தலைவர் சொன்னார். ஒன்பது கிலோமீற்றருக்கு மேற்பட்ட மலைப்பாதைக்கு இரண்டரை மணித்தியாலம். இளைஞர்கள் சிலர் அந்தக் கணமே ஓடத் தொடங்கினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஓடச் சொன்னது நேரம்தான்.

அம்மா மெதுவாக நடப்பவர் அல்லர். மலை ஏறி இறங்கிப் பழகிய கால்கள் அவருடையவை. ஆனாலும் புல்வெளி முடிந்து பாதை காட்டுக்குள் நுழைந்த இடத்தில் அவர் நின்றுவிட்டார். ஒரு மரத்தின் அடியிலிருந்து கிளை நுனி வரை பாசி தாடிபோலத் தொங்கியது. அதிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அம்மா உள்ளங்கையை நீட்டிப் பிடித்தார். மேலே அண்ணாந்து பார்த்தார், வானம் வெளுத்திருந்தது. "மழயே இல்ல, மரம் சொட்டுதே" என்றார். பாடப்புத்தகத்தில் முகில் காடு என்று நான் படித்த விடயம் அது: முகில் வந்து மோதும்போது இலைகளும் பாசியும் அதன் ஈரத்தைப் பிடித்து, சொட்டுச் சொட்டாக மண்ணுக்குக் கொடுக்கின்றன, மண் அதைப் பிடித்து வைத்து ஓடைகளுக்குக் கொடுக்கிறது. மகாவலிக்கும் களனிக்கும் வளவைக்கும் நீர் தரும் ஊற்றுக்கண்கள் இந்த மேட்டுநிலத்தில்தான் இருக்கின்றன. அம்மாவுக்கு அதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, ஈரமான உள்ளங்கையை முகத்தில் துடைத்துக்கொண்டு, "இங்கேருந்துதான் வருதா" என்று அவரே சொன்னார். அந்த மரத்தடியில் நாங்கள் பத்து நிமிடம் கூட நின்றிருக்க மாட்டோம். அதற்குள் எங்கள் குழுவில் இருந்த அத்தனை பேரும் எங்களைக் கடந்து போய்விட்டார்கள்.

உலக முடிவை அடைந்தபோது எட்டே முக்கால். எண்ணூறு மீற்றருக்கு மேல் சரிந்து விழும் அந்த விளிம்பில், முகில் மூடுவதற்குச் சற்று முன், கீழே தகரக் கூரைகள் ஒரு நிமிடம் வெயிலில் மின்னின. அம்மா பாதையின் வளைவை வைத்து லயத்தை அடையாளம் கண்டார். பிறகு, "சரி, தண்ணிக்குப் போவோம்" என்றார்.

பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு இறங்கும் படிகள் தொடங்கும் இடத்துக்கு நாங்கள் வந்தபோது பத்து மணிக்குப் பதினைந்து நிமிடம் இருந்தது. குழுத் தலைவர் அனுப்பிய இளைஞர் ஒருவர் அங்கே காத்து நின்றார். நல்ல பிள்ளை. அவரும் ஏச்சு வாங்கியிருப்பார் என்பது முகத்தில் தெரிந்தது. "அம்மா, எல்லாரும் வேன்ல இருக்காங்க, இனி கீழ எறங்கி ஏற நேரமில்ல" என்றார். வேனுக்கு இன்னும் மூன்று கிலோமீற்றருக்கு மேல் நடக்க வேண்டும். நான் வாதாடத் தொடங்கினேன். அம்மா என் கையைப் பிடித்துத் தடுத்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஈரமும் பாசியுமாக இருந்த படிகளில் நான்கு படி இறங்கி நின்றார். மரங்களுக்கு அப்பால் தண்ணீர் விழும் இரைச்சல் கேட்டது. தண்ணீர் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றவர், திரும்பி ஏறி வந்து செருப்பைப் போட்டுக்கொண்டார். "பரவாயில்ல தம்பி, போவோம். நம்மால மத்தவங்களுக்குத் தொந்தரவு வேணாம்" என்றார்.

அந்த "பரவாயில்ல" என்ற சொல்லைத்தான் என்னால் இன்று வரை மறக்க முடியவில்லை. வாழ்நாள் முழுவதும் கொழுந்து நிறுக்கும்போது றாத்தல் குறைந்தபோதும், அரை நாள் கூலிக்கு அரைப் பேர் போட்டபோதும் அவர் சொல்லிப் பழகிய சொல் அது. பணம் கட்டி வந்த ஒரு பயணத்திலும் அவர் அதையே சொல்ல வேண்டி வந்தது.

வேனுக்கு வந்தபோது யாரும் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் அன்று மதியம் வேன் நகரத்துக்கு வந்து, பொருட்கள் வாங்குவதற்கென்று ஒரு கடைத்தெருவில் ஒன்றரை மணித்தியாலம் நின்றது. அம்மா வேனுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். அருவியைப் பார்க்க அவருக்குத் தேவைப்பட்டது அரை மணித்தியாலம். நேரம் இல்லை என்று நீங்கள் சொன்னபோது உண்மையில் நேரம் இருந்தது. அதை எங்கே செலவழிப்பது என்பதை எங்களைக் கேளாமல் நீங்கள் தீர்மானித்திருந்தீர்கள்.

உங்கள் பக்கத்து நியாயங்களை நான் அறியாதவள் அல்லள். ஒரே நாளில் ஆறு இடம் காட்டினால்தான் ஆட்கள் சேர்கிறார்கள், எரிபொருள் விலை ஏறியிருக்கிறது, இரவே ஊர் திரும்ப வேண்டும் என்று கேட்பவர்களும் பயணிகள்தான். சாரதிகள் நள்ளிரவில் எழுந்து வளைவுப் பாதையில் வாகனம் ஓட்டி வருகிறார்கள், அவர்களுக்கும் ஓய்வு வேண்டும். ஐந்து மணித்தியாலம் நின்றால் அவர்களுக்கும் நிம்மதியாகக் கண்ணயர நேரம் கிடைக்கும். ஆறு இடத்தை நான்காகக் குறையுங்கள். அப்படிக் குறைத்தால் ஆட்கள் வர மாட்டார்கள் என்று நீங்கள் எண்ணினால், முடிந்தவர்கள் ஓடட்டும் என்ற எண்ணத்தை மனத்தில் வைத்துக்கொண்டு எல்லோரிடமும் பணம் வாங்காமல், இந்தப் பயணத்தில் சுற்றுப்பாதை முழுவதையும் நடக்க நேரம் கிடைக்காது என்று பணம் வாங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

அவசரம் மனிதர்களை மட்டும் வருத்துவதில்லை. நேரம் போதாமல் ஓடுகிறவர்கள் பாதையை விட்டு விலகிப் புல்வெளிக்குக் குறுக்காக நடக்கிறார்கள். அன்றும் அதைக் கண்டேன். கையில் எடுத்து வந்த சாப்பாட்டை நடந்துகொண்டே உண்டு, சுற்றிய தாளைக் காற்றில் விடுகிறார்கள். வாயிலில் பைகளைச் சோதித்து, தண்ணீர்ப் போத்தலின் பொலித்தீன் சுற்றைக்கூட உரித்து வாங்கிக்கொள்வது எதற்காக என்று பயணிகளிடம் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்தான். அங்கே மேயும் மரைகள் பிளாஸ்டிக்கை விழுங்கி இறந்திருக்கின்றன என்பதை வேனில் வரும்போதே ஐந்து நிமிடம் பேசிச் சொல்லியிருக்கலாம். எங்கள் வேனில் வரும் வழியில் மூன்று மணித்தியாலமும் பாட்டு மட்டுமே ஒலித்தது. அந்த விளிம்பும் அவசரத்துக்கு ஏற்ற இடமல்ல. 2015 ஆம் ஆண்டில் அங்கிருந்து தவறி விழுந்த ஒரு வெளிநாட்டுப் பயணி, மரமொன்றில் தங்கியதால் உயிர் பிழைத்தார். எல்லோருக்கும் ஒரு மரம் கிடைக்காது.

1873 ஆம் ஆண்டில் ஐயாயிரம் அடிக்கு மேலுள்ள காடுகளை வெட்டாமல் விடும்படி தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் அன்றைய அரசுக்கு ஆலோசனை சொன்னார். ஹோட்டன் சமவெளியின் காடு இன்றும் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். கீழே எங்கள் முன்னோர் காட்டை வெட்டிக் கோப்பியும் பிறகு தேயிலையும் நட்டார்கள், மேலே காடு நின்றது. 1988 இல் அது தேசியப் பூங்காவானது. 2010 இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. அதே ஆண்டில்தான், அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட ஹோட்டன் சமவெளித் தேவாங்கின் படம் உலகத்துக்குக் கிடைத்தது. இரவெல்லாம் காட்டில் காத்திருந்து தேடியவர்களுக்குக் கிடைத்த படம் அது. அவ்வளவு பொறுமையை உங்களிடம் நான் கேட்கவில்லை. அந்தக் காட்டைக் காப்பாற்றும் வேலையில் கீழ் மலைகளில் வாழும் மக்களுக்கும் பங்கு இருக்கிறது, அவர்கள் அதைக் கண்ணால் பார்த்தால்தான் அந்தப் பங்கை உணர்வார்கள் என்பது என் உறுதியான எண்ணம். எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளில் எத்தனை பேர் தாங்கள் குடிக்கும் தண்ணீரின் தலைமாட்டைப் பார்த்திருக்கிறார்கள்? அவர்களைப் பாடசாலைச் சுற்றுலாவில் ஏற்றி வரும் வாகனங்களும் உங்களுடையவைதான்.

சொல்ல வந்ததை விட்டுச் சற்றுத் தூரம் போய்விட்டேன், பொறுத்தருள வேண்டும். எழுதும்போது கோபம் வந்துவிடுகிறது. இழந்த பணத்தைத் திருப்பித் தரும்படியோ, எவரையும் தண்டிக்கும்படியோ நான் கேட்கவில்லை. படியடியில் காத்து நின்ற அந்த இளைஞரை இதற்காக யாரும் ஏசக்கூடாது என்றும் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பயண விபரத்தில் "ஹோட்டன் சமவெளி" என்ற வரிக்குப் பக்கத்தில் "ஐந்து மணித்தியாலம்" என்று எழுதுங்கள். எழுதியதை அங்கே கொடுங்கள். முன்னதாக நடந்து முடித்தவர்கள் ஃபார் இன்னடியில் தேநீர் குடித்துக்கொண்டு காத்திருக்கட்டும், பிந்தி வருகிறவர்கள் குனிந்த தலையோடு வேனில் ஏறாமல் இருக்கட்டும். முதியவர்களும் சிறு பிள்ளைகளும் குழுவில் இருந்தால் ஒருவரை அவர்களோடு கடைசியாக நடக்க விடுங்கள்.

வரும் தை மாதத்தில், காலைப் பனி உறைந்து புல்வெளி வெளுத்துக் கிடக்கும் நாட்களில், அம்மாவை மறுபடியும் அங்கே அழைத்துச் செல்ல இருக்கிறேன். தனியாக ஒரு வாகனம் பிடிக்க என்னிடம் இப்போது பணம் இல்லை. ஆகவே உங்களில் ஒருவரிடம்தான் மீண்டும் வந்து இரண்டு இருக்கைகள் கேட்பேன். அப்போது பணம் கட்டும் முன், சுற்றுப்பாதைக்கு எவ்வளவு நேரம் என்று கேட்பேன். ஐந்து மணித்தியாலம் என்று உங்களில் யாராவது சொல்ல வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
கொழுந்து பறித்த ஒரு தாயின் மகள்