நம்ம சங்கத்தோட 2024 ஆண்டறிக்கை: வராதவங்களுக்காக முழுசா

எல்லாருக்கும் வணக்கம். ஏஜிஎம்ல, அதான் வருஷப் பொதுக்கூட்டத்துல, இந்த அறிக்கைய பாதிதான் வாசிக்க முடிஞ்சுது, தலைவர் ரெண்டு தடவ கைக்கடிகாரத்த பார்த்தாரு, பின்னாடி பிரியாணி வந்து இறங்குன வாசனை வேற, அதுக்கப்புறம் செயலாளர் என் பேச்ச யாரு கேப்பா. அதனால முழுசையும் எழுதி குரூப்ல போடுறேன். கூட்டத்துக்கு வராதவங்களும் படிச்சுக்கலாம். அவங்கதான் ஜாஸ்தி.

முதல்ல கடமைக்கு உள்ளத சொல்லிடுறேன். பொங்கல் நம்ம அடுக்குமாடி புளோக் கீழ நல்லபடியா நடந்துச்சு, பானை பொங்குச்சு. ஏப்ரல்ல தமிழ் மொழி விழாவுக்கு ஒரு கவிதை வாசிப்பு வெச்சோம், மைக் சரியில்ல. ஜூன்ல மலாக்கா டூர், ஒரு பஸ் நிறைஞ்சு போச்சு. தீபாவளிக்கு முறுக்கு போட்டு மூத்தவங்க வீடுகளுக்கு குடுத்தோம். செயற்குழு ஆறு தடவ கூடுச்சு, அதுல ரெண்டு தடவ கோரத்துக்கு போதுமான ஆள் இல்லாம பால் இல்லாத கோப்பி ஓ குடிச்சுட்டு கலைஞ்சோம். அவ்வளவுதான்.

இப்ப கண்காட்சிக்கு வர்றேன். இத பத்தி நெறைய பேர் எனக்கு பின்னாடி பேசுனது என் காதுக்கும் வந்துச்சு, "செயலாளர் சொந்த ஆசைக்கு சங்கத்து காச எடுத்து டிவி கண்காட்சி போட்டாரு"ன்னு. சொந்த ஆசைதான், இல்லன்னு சொல்லல. ஆனா காரணம் என்னன்னு ஒரு தடவயாவது முழுசா கேளுங்க.

சிங்கப்பூர்ல டிவி வந்தது 1963 பிப்ரவரி 15. விக்டோரியா நினைவு மண்டபத்துல அப்ப கலாசார அமைச்சரா இருந்த ராஜரத்தினம் தொடங்கி வெச்சாரு. ஏப்ரல் 2ல இருந்து தினசரி ஒளிபரப்பு, அது சேனல் 5. நவம்பர் 23ல சேனல் 8. அடுத்த வருஷம், 1964லயே, விளம்பரம் வந்துருச்சு. அதாவது 2024ஓட நம்ம ஊர் டிவி விளம்பரத்துக்கு 60 வயசு. இத ஒருத்தரும் கொண்டாடல, சரி நாமளாவது செய்வோமேன்னு நெனச்சேன். இன்னொரு கணக்கு சொல்றேன், அதுக்குத்தான் நான் தனியா ஒரு போர்டே அடிச்சேன். மெட்ராஸ்ல தூர்தர்ஷன் வந்தது 1975 ஆகஸ்ட் 15. தூர்தர்ஷன்ல விளம்பரம் ஆரம்பிச்சது 1976 ஜனவரி 1. ரெண்டுலயும் நாம 12 வருஷம் முந்தி. மெட்ராஸ்காரங்க டிவி பெட்டியவே பாக்காத காலத்துல நாம இங்க டிவில தமிழ் செய்தி பார்த்தோம். இத என் மருமகன்கிட்ட சொன்னா நம்பல, அவரு சென்னைக்காரரு.

அப்ப எனக்கு எட்டு வயசு, நாங்க செம்பவாங் நேவல் பேஸ் குவார்ட்டர்ஸ்ல இருந்தோம். சமூக நிலையத்துல உயரமா ஒரு மரப்பெட்டி, அதுக்கு ரெண்டு கதவு, கதவுக்கு பூட்டு. சாயங்காலம் ஒருத்தர் வந்து சாவி போட்டு தொறப்பாரு, நாங்க சாமி சன்னதி தொறக்குற மாதிரி நிப்போம். முன்னாடி சிமெண்ட் தரைல பிள்ளைங்க, பின்னாடி பெஞ்சுல பெரியவங்க, அதுக்கும் பின்னாடி சைக்கிள் சீட்ல உக்காந்தபடி ஆளுங்க. தமிழுக்குன்னு அப்ப தனி சேனல் ஏது, சேனல் 8ல சீனத்தோட ஒட்டிக்கிட்டு கொஞ்ச நேரம். தமிழ் முடிஞ்சதும் பாதி பேர் எந்திரிச்சு போயிடுவாங்க, நான் மட்டும் விளம்பரத்துக்காக உக்காந்திருப்பேன். மொழி புரியாது, ஆனா சோப்பு நுரை எல்லா மொழிலயும் ஒண்ணுதானே.

கண்காட்சிக்கு ஒரு பழைய மரப்பெட்டி டிவிய நமக்கு தெரிஞ்சவர்கிட்ட இரவல் வாங்குனேன், நாலு காலு, முன்னாடி டக் டக்குனு திருகுற சேனல் குமிழ். சத்தியமா சொல்றேன், நான் பதினோரு போர்டு அடிச்சு ஒட்டுனதுக்கு யாரும் திரும்பி பாக்கல, பிள்ளைங்க எல்லாம் அந்த குமிழத்தான் திருகிட்டு இருந்தாங்க. ஒரு பையன், பிரைமரி ஃபோர், நாலாம் வகுப்பு இருப்பான், கேட்டான் பாருங்க ஒரு கேள்வி: "அங்கிள், சேனல் 5 இருக்கு, 8 இருக்கு, நடுவுல 6, 7 ஏன் காலியா இருக்கு?"

அந்த கேள்விக்காகவே கண்காட்சி போட்டது தகும். நானும் அவன உக்கார வெச்சு சொன்னேன். தம்பி, அந்த நம்பர் சும்மா வெச்ச பேர் இல்ல, வானத்துல பிரிச்சு குடுத்த மனை நம்பர். நாம எடுத்துக்கிட்ட ஐரோப்பிய முறைல 174ல இருந்து 230 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் ஒரு துண்டு, அத 7 மெகாஹெர்ட்ஸா வெட்டுனா எட்டு மனை, 5ல ஆரம்பிச்சு 12ல முடியுது. பக்கத்து பக்கத்து மனைல ரெண்டு பேர் வீடு கட்டுனா ஒருத்தர் சத்தம் இன்னொருத்தர் வீட்ல கேக்கும், படத்துல கோடு கோடா ஓடும், அதனால நடுவுல இடம் விடணும். போதாததுக்கு இந்தப்பக்கம் மலேசியாவோட ஜொகூர், அந்தப்பக்கம் இந்தோனேசியாவோட பாத்தாம், அலைக்கு பாஸ்போர்ட் கிடையாது, அவங்களோடயும் ஒத்துப்போகணும். நமக்கு 5, 8, அப்புறம் 1984 ஜனவரி கடைசில 12. மூணு சேனலுக்கும் நம்பர் வந்த கதை இதுதான். அவன் அம்மா வந்து டியூஷனுக்கு நேரமாச்சுன்னு இழுத்துட்டு போயிட்டாங்க, இல்லன்னா அமெரிக்கா கதையும் சொல்லியிருப்பேன். அங்க 1948ல நிலையம் வைக்க விண்ணப்பம் குவிஞ்சு, ஒண்ணோட அலை இன்னொண்ணுல மோதி, அலைய பிரிச்சு குடுக்குற அரசு ஆணையமான எஃப்சிசி செப்டம்பர்ல புது அனுமதியையே நிறுத்திருச்சு, ஆறு மாசம்னு சொன்னது 1952 ஏப்ரல் வரைக்கும் இழுத்துச்சு. நம்ம செயற்குழு ஒரு விஷயத்த "அடுத்த கூட்டத்துல பாக்கலாம்"னு தள்ளி வைக்கிறப்ப எல்லாம் எனக்கு அதுதான் ஞாபகம் வரும்.

விளம்பர போர்டுங்கள்ல முதல்ல உலகக் கதை. அமெரிக்கால 1941 ஜூலை 1ம் தேதி ஒரு பேஸ்பால் ஆட்டத்துக்கு முன்னாடி புலோவா கடிகார விளம்பரம், முறைப்படி அனுமதி வாங்குன நிலையத்துல வந்த முதல் டிவி விளம்பரம், செலவு வெறும் 9 டாலர். அப்புறம் அங்க கம்பெனிங்க நிகழ்ச்சியவே விலைக்கு வாங்க ஆரம்பிச்சுட்டாங்க, ஒரு சிகரெட் கம்பெனி பேர்லயே ராத்திரி செய்தி, கேமல் நியூஸ் கேரவன். அந்த செய்தில யாரும் சுருட்டு பிடிக்கிறத காட்டக்கூடாது, சர்ச்சிலுக்கு மட்டும் விலக்குன்னு சொல்லுவாங்க. இத பார்த்து பிரிட்டிஷ்காரன் உஷாராயிட்டான். 1954ல சட்டம் போட்டு, விளம்பரம் விக்கலாம் ஆனா நிகழ்ச்சிய விக்கக்கூடாது, எது விளம்பரம் எது நிகழ்ச்சின்னு பாக்குறவனுக்கு தெரியணும், சராசரியா மணிக்கு ஆறு நிமிஷம்தான்னு வெச்சான். 1955 செப்டம்பர் 22ல முதல் விளம்பரம், பல் பசை, ஐஸ் கட்டிக்குள்ள வெச்சு காட்டுனாங்க.

நம்ம ஊர் நிலவரம் வேற. இங்க நிலையம் நடத்துனதும் அரசாங்கம், விளம்பரம் வாங்குனதும் அரசாங்கம், எது போடலாம் எது போடக்கூடாதுன்னு சொன்னதும் அரசாங்கம். கடைக்காரரே தராசுக்கு முத்திரை குத்துற மாதிரி. 1965க்கு அப்புறம் நிலையத்துக்கு ஆர்டிஎஸ், 1980ல எஸ்பிசின்னு பேர் மாறுச்சு, ஆனா தராசு தனியா ஒருத்தர் கைக்கு போனது 1994 அக்டோபர்லதான், ஒளிபரப்ப கண்காணிக்க எஸ்பிஏங்கிற தனி ஆணையம் வந்தப்ப. முப்பது வருஷம்! இத நான் குறையா சொல்லல, ஏன்னா அதே அரசாங்கம்தான் சிகரெட் விளம்பரத்துல வர்ற காச வேண்டாம்னு தூக்கி போட்டுச்சு. 1970ல சட்டம், 71ல இருந்து அமல், டிவி மட்டுமில்ல பத்திரிகை, போர்டு எல்லாத்துலயும் காலி. அமெரிக்காவும் அதே சமயம்தான் டிவில தடை போட்டான், ஆனா அவன் சாமர்த்தியத்த பாருங்க, ஜனவரி 1ல புத்தாண்டு ஃபுட்பால் ஆட்டம் இருக்கு, அன்னைக்கு விளம்பரக் காசு போயிடக்கூடாதுன்னு தடைய ஜனவரி 2ன்னு வெச்சான். அப்புறம் 1976ல இங்க விளம்பரத் தரத்த பாக்கவே நுகர்வோர் சங்கத்தோட சேர்ந்து ஒரு அமைப்பு வந்துச்சு. இந்த போர்டு முன்னாடி ஒரு பெரியவர் ரொம்ப நேரம் நின்னாரு, கேட்டா, "நான் 71ல விளம்பரத்தோட சேர்த்து சிகரெட்டையும் விட்டேன்"னாரு. அவரு சம்சாரம் பக்கத்துல நின்னு "பொய்"னுட்டாங்க.

எல்லாத்தவிட கூட்டம் கூடுனது டிவி லைசென்ஸ், அதான் வீட்ல டிவி வெச்சிருக்க அரசாங்கத்துக்கு கட்டுன காசு, அந்த போர்டுலதான். கடைசில கலர் டிவிக்கு வருஷத்துக்கு 110 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), கார் ரேடியோவுக்கு தனியா 27 வெள்ளி. ஆளாளுக்கு ஒரு கதை. இன்ஸ்பெக்டர் வர்றாருன்னா ஒரு அக்கா டிவி மேல புடவைய போட்டு, அது மேல சாமி படத்த வெச்சு, விளக்கும் ஏத்திடுவாங்களாம். வந்தவரு செருப்ப கழட்டி கும்பிட்டுட்டு போனாராம்! அக்கா சொல்ல சொல்ல வாய்விட்டு சிரிச்சோம். 2011 பட்ஜெட்ல அந்த கட்டணத்தையே எடுத்தாச்சு, அந்த வருஷத்துக்கு ஏற்கனவே கட்டுனவங்களுக்கு திருப்பியும் குடுத்தாங்க. ஒழுங்கா கட்டுன எனக்கு வந்துச்சு. அக்காவுக்கு வரல, எப்படி வரும்.

சிரிச்சது போதும், நம்ம விஷயத்துக்கு வர்றேன். நம்ம மாச சந்தா 2 வெள்ளி. 1964ல இல்ல, இப்ப, கோப்பி கடைல ஒரு தே (டீ) குடிச்சா மிச்சம் வராத காலத்துல. பதிவேட்டுல 64 பேர், வருஷம் முழுசும் கட்டுனவங்க 27 பேர். மலாக்கா பஸ்ல மட்டும் 44 பேர் எப்படி உக்காந்தாங்கன்னு என்ன கேக்காதீங்க, பொருளாளர கேளுங்க, அவரும் பஸ்ல இருந்தாரு. பேர் வாசிக்கலாம்னு ஒரு உறுப்பினர் சொன்னாரு, வாசிக்க மாட்டேன், நாகரிகம்னு ஒண்ணு இருக்கு. லிஸ்ட் என் சட்டைப் பைல இருக்கு, அவ்வளவுதான். நம்ம வீட்டுக்கு இன்ஸ்பெக்டர் வரமாட்டாருன்னு தைரியம். புடவைய எடுங்க, நான் வெறும் செயலாளர்தான்.

அக்டோபர்ல ரெண்டு நாள் கண்காட்சி. வர்றோம்னு கை தூக்குனவங்க பன்னெண்டு பேர், சனிக்கிழம காலைல மேசை தூக்க வந்தவங்க நானும், துணைச் செயலாளரும், யாரையோ தேடி வந்து மாட்டிக்கிட்ட ஒரு தம்பியும். மத்தியானம் அடிச்ச மழைல மூணு போர்டு நனைஞ்சு சுருண்டுருச்சு, அச்சடிச்சவங்க லேமினேட் பண்றேன்னு சொன்னத பண்ணல. முதல் நாள் வந்தவங்க நாப்பது பேருக்குள்ள, அதுல கறிபாப்புக்கு வந்தவங்க எத்தன, போர்டுக்கு வந்தவங்க எத்தனன்னு நான் பிரிச்சு எண்ணல. "விளம்பரத்த பத்தி கண்காட்சி, ஆனா கண்காட்சிக்கு விளம்பரமே இல்ல"ன்னு பொருளாளர் எல்லார் முன்னாடியும் சொன்னாரு. நல்ல ஜோக்தான், நானும் சிரிச்சேன். ஆனா குரூப்ல மூணு தடவ போஸ்டர் போட்டேன், 51 பேர் பார்த்ததா நீலக்கோடு காட்டுச்சு, அதுல ஒருத்தர் மட்டும் கும்பிடு எமோஜி போட்டாரு. ரெண்டாவது நாள் நல்ல கூட்டம், அந்த பையன் அவன் கிளாஸ் பசங்க அஞ்சு பேர கூட்டிட்டு வந்தான். அன்னைக்கு குமிழ் கழண்டு கைல வந்துருச்சு.

வரவு செலவு: போன வருஷத்துலருந்து கொண்டு வந்த கையிருப்போட சேர்த்து பார்த்தா வரவும் செலவும் ஏறக்குறைய சரியா வந்துருச்சு. கண்காட்சிக்கு ஒதுக்குனதுக்கு மேல கொஞ்சம் போனது உண்மை, எவ்வளவு கொஞ்சம்னு பொருளாளர் தணிக்கை அறிக்கைல விவரமா இருக்கும், அத அச்சடிச்சு தர்றதா சொல்லியிருக்காரு. குமிழ் ரிப்பேர் செலவு என் சொந்தக் காசு, அது கணக்குல வராது.

நன்றி சொல்லணும். தலைவருக்கு, துணைத் தலைவருக்கு, செயற்குழுவுக்கு, இடம் குடுத்த நகர மன்றத்துக்கு, கறிபாப் சுட்டுக் குடுத்த மகளிர் அணிக்கு, பழைய தமிழ் முரசு பத்திரிகை பக்கங்கள தேசிய நூலகத்துல என்கூட உக்காந்து தேடுன துணைச் செயலாளருக்கு. யாரையாவது விட்டிருந்தா வேணும்னு விடல.

அடுத்த வருஷம் பத்தி வெளிப்படையா சொல்றேன். எனக்கு 70 ஆகப்போகுது, முட்டி வலி, செயலாளர் பதவிய யாராவது இளையவங்க எடுத்துக்கிட்டா சந்தோஷமா குடுப்பேன், ஏஜிஎம்ல இத சொன்னப்ப எல்லாரும் ஒரே நேரத்துல குனிஞ்சு செருப்ப பார்த்தீங்க. சரி, நானே இன்னொரு வருஷம் பாக்குறேன். ஆனா 27 பேர் சந்தால பொங்கலும் நடக்காது முறுக்கும் நடக்காது. போன்ல காசு அனுப்புற பேநவ் நம்பர் குரூப் மேல பின் பண்ணி இருக்கு, 24 வெள்ளி, போன வருஷமும் சேர்த்துன்னா 48.

கடைசியா ஒண்ணு. நனையாத எட்டு போர்டும் என் கட்டிலுக்கு கீழ இருக்கு, வீட்ல தினம் பேச்சு கேக்குறேன், ஸ்டோர் ரூம் காலியா இருக்கவங்க சொல்லுங்க. அந்த மரப்பெட்டி டிவியும் இன்னும் என் ஹால்லதான் நிக்குது, இரவல் குடுத்தவரு ரெண்டு தடவ போன் பண்ணிட்டாரு. வேன் வெச்சிருக்கவங்க யாராவது வர்ற சனிக்கிழம காலைல வந்தா நல்லது, கூட ரெண்டு பேர் வேணும், பெட்டி ரொம்ப கனம், நம்ம புளோக்ல லிஃப்ட் வேற என் மாடில நிக்காது.