சுண்டு விரலை ஊன்றிக்கொள்

தாராவி, மும்பை

அன்பு மகளுக்கு,

கண் ஆபரேஷன் பழக ஆட்டுக் கண்ணில் தையல் போடும்போது கை நடுங்கியது, நான் இதுக்கு லாயக்கில்லை என்று நேற்று போனில் அழுதாய். எனக்கு உடனே வாய் வரவில்லை. தையல் கடையைச் சாத்திவிட்டு எழுதுகிறேன்.

நீ சொல்லித்தான் எனக்கே தெரியும்: யார் கையும் செகண்டுக்கு 8 முதல் 12 தடவை லேசாக ஆடிக்கொண்டேதான் இருக்குமாம். மைக்ரோஸ்கோப் அதைப் பெரிதாக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். முடியைவிட மெல்லிசான 10-0 தையல் நூலை அதற்கடியில் பிடித்தால் தெரியாமல் இருக்குமா?

17 வயதில் எனக்குக் கையால் காஜா, அதாவது பட்டன் ஓட்டை, எடுக்கக் கொடுத்தார்கள். ஊசியை இறுக்க இறுக்க நடுக்கம் கூடியது. ஒரு கல்யாண ஜிப்பாவில் காஜா கோணிப்போய், கூலியில் பிடித்தார்கள். அப்புறம் மாஸ்டர் என் சுண்டு விரலைப் பிடித்துத் துணிமேல் ஊன்றி வைத்தார். அந்தரத்தில் நிற்கிற கைதான் ஆடும். நோயாளி நெற்றியில் நீ கையை ஊன்றுகிறாயா? ஆட்டுக் கண்ணுக்கு ஏது நெற்றி என்பாய். பக்கத்தில் ஒரு துணிச் சுருளை வை.

எனக்குக் கவலை உன் காலைப் பற்றித்தான். கண்புரை எடுக்கிற பேகோ மிஷின் பெடலை லேசாக அமுக்கினால் தண்ணீர், இன்னும் அமுக்கினால் உறிஞ்சும், அடிவரை போனால் அல்ட்ராசவுண்ட் என்றாயே. மோட்டார் தையல் மிஷினும் ஏறக்குறைய அப்படித்தான். புதுப் பையன்களுக்கு நூல் கோக்காமல், கோடு போட்ட நோட்டுத் தாளைத்தான் தைக்கக் கொடுப்பேன். ஊசி ஓட்டை கோட்டைவிட்டு விலகாமல் வரும்வரை துணி கிடையாது. சின்னதில் நீயும் உன் கணக்கு நோட்டைக் கிழித்துத் தைத்து அடி வாங்கியிருக்கிறாய்.

மதுரை டாக்டர் வெங்கடசாமிக்கு மூட்டுவாதத்தில் விரல்களே கோணிப்போயின. அந்த விரல்களோடு ஆபரேஷன் பழகி, 1976-ல் 11 படுக்கையோடு அரவிந்த் மருத்துவமனையைத் தொடங்கினார். உங்க ஆச்சிக்குப் புரை எடுத்தது அங்கேதான்.

கை நடுங்காமல் இருக்கக் கூடப் படிக்கிறவள் போடும் ப்ராப்ரனலால் மாத்திரையை மட்டும் தொடாதே. மூச்சு இழுப்பு உள்ளவர்களுக்கு அது ஆகாதாம். உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு ராத்திரி ராத்திரி சயான் ஆஸ்பத்திரிக்கு ஓடியவன் நான். ஆபரேஷன் நாளில் காபியையும் ஒரு டம்ளரோடு நிறுத்து. சரியாகத் தூங்கு.

பொங்கலுக்கு வருவாய்தானே? மிஷினுக்கு எண்ணெய் விட்டு வைக்கிறேன். கோடு போட்ட நோட்டு ரெண்டு வாங்கியாச்சு.

அப்பா