ஆவணிச் சதுப்பும் தட்டான் கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பறவை பார்க்க மார்கழி, தை வரை காத்திருக்க வேண்டும் என்ற எண்ணம் நம்மவர்களிடம் ஊறிப்போயிருக்கிறது. வேடந்தாங்கலுக்கு அது சரி. சென்னையின் தெற்கே பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், கேளம்பாக்கம் பக்கம் நடக்கிறவர்களுக்கு ஆகஸ்டு பாதியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை உள்ள நாட்களும் அருமையானவை. கோடையில் சுருங்கிய தண்ணீர் ஓரமெல்லாம் சேற்றை விட்டிருக்கும். வடக்கே முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துத் திரும்பும் உள்ளான்கள் என்னும் சிறு கரைப்பறவைகள் இறங்குவது இந்தச் சேற்றில்தான். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பினால் சேறு மூழ்கிவிடும், உள்ளான்களும் வேறிடம் தேடிப் போய்விடும்.

காலை ஆறு மணிக்கெல்லாம் கிழக்குக் கரையில் இருப்பது நல்லது. வெயில் முதுகுப் பக்கம் இருந்தால்தான் நிறம் தெரியும். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்புதான். பொறி உள்ளானுக்கு முதுகில் வெள்ளைப் புள்ளி, கண்ணுக்கு மேல் வெளிர் கோடு, மஞ்சள் கலந்த கால். சாதா உள்ளான் வாலை ஓயாமல் ஆட்டும். மார்பின் வெண்மை தோள் முன்னால் ஆப்பு போல மேலேறியிருக்கும். கொசு உள்ளான்களில் கால்தான் முக்கியம்: கறுப்பென்றால் ஒரு வகை, வெளிர் மஞ்சள் என்றால் இன்னொரு வகை. சேறு அப்பிய காலை நம்பி முடிவு செய்யக் கூடாது, அது தண்ணீரில் இறங்கி ஏறும் வரை பொறுக்க வேண்டும். முதலில் வருபவை வளர்ந்த பறவைகள். ஆகஸ்டில் வரும் வளைமூக்கு உள்ளானின் மார்பில் செங்கல் நிறம் திட்டுத் திட்டாக மிச்சமிருக்கும். புத்தகத்தில் குளிர்காலப் படத்தை மட்டும் பார்த்தவர்கள் திகைப்பது இங்கேதான்.

செப்டம்பரில் வந்திறங்கும் நீலச்சிறகி வாத்து இன்னும் சோதிக்கும். ஆணும் பெட்டை நிறத்திலேயே இருக்கும். பறக்கும்போது இறக்கையின் முன்பகுதி சாம்பல் கலந்த வெளிர்நீலமாகப் பளிச்சிட்டால் ஆண். உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் ஆண் பெண் பிரித்து எழுதாமல் விடுவதே நேர்மை.

ஒன்பது மணிக்கு மேல் கானல் எழும்பும். தூரத்துச் சேற்றில் நிற்கும் பறவை தொலைநோக்கியில் நெளியும், எவ்வளவு விலையுயர்ந்த கண்ணாடியாக இருந்தாலும் பயனில்லை. பலரும் அப்போது வீடு திரும்புகிறார்கள். தட்டான்களுக்கோ அதுதான் நேரம். வெயிலில் உடல் சூடேறிய பிறகே அவை சுறுசுறுப்பாகும். 8×42 (எட்டு மடங்கு உருப்பெருக்கம், 42 மி.மீ. முன்கண்ணாடி) இருகண்ணோக்கி போதும். வாங்கும்போது எவ்வளவு கிட்டத்தில் குவிகிறது என்று கேட்டு வாங்குங்கள். இரண்டு மீட்டரில் குவியாத கண்ணாடி தட்டானுக்கு உதவாது. பத்து மடங்கு உருப்பெருக்கம் கையில் ஆடும்.

தட்டானைத் துரத்தக் கூடாது. கிளம்பிய குச்சிக்கே பெரும்பாலும் திரும்பி வரும். நிழல் அதன் மேல் விழாமல் ஒரு நிமிடம் நின்றால் போதும். உச்சி வெயிலில் சில தட்டான்கள் வாலைச் சூரியனை நோக்கிச் செங்குத்தாகத் தூக்கி நிற்கும். வெயில் படும் பரப்பைக் குறைத்துச் சூட்டைத் தவிர்க்கும் வழி அது. இறக்கையை மூடி உட்காரும், கண்கள் விலகியிருக்கும் மெலிந்த வகை ஊசித்தட்டான். அதைத் தனியாக எண்ணுங்கள்.

ஆவணியில் மைதானத்திலும் மொட்டை மாடிக்கு மேலேயும் கூட்டமாக மிதக்கும் பொன்மஞ்சள் தட்டான்கள் வேறு ரகம். கரையில் உட்காராமல் காற்றிலேயே மணிக்கணக்கில் இருக்கும்; உட்கார்ந்தால் குச்சியில் செங்குத்தாகத் தொங்கும். மழைக்காற்றோடு நகர்ந்து, புதிதாகத் தேங்கிய குட்டையில் முட்டையிட்டு, அது வற்றுமுன் ஓரிரு மாதத்தில் அடுத்த தலைமுறையைப் பறக்கவிடும். அக்டோபரில் மாலத்தீவைக் கடப்பவை இங்கிருந்து ஆப்பிரிக்கா போகின்றன என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். (பளபளக்கும் காரின் கூரையைத் தண்ணீர் என்று நினைத்து முட்டையிடுவதும் இவைதான்.) இவற்றை ஏரியின் கணக்கில் சேர்ப்பது தப்பு.

'தட்டான் நிறைய இருக்கிறது, தண்ணீர் சுத்தம்' என்று அடிக்கடி எழுதப்படுகிறது. அது அரைகுறை. ஆரஞ்சு நிற இறக்கையோடு கரையோரப் புல்லில் ஏராளமாக உட்காரும் தட்டான் சாக்கடை கலந்த நீரிலும் செழிக்கும். அது ஒன்றே நூற்றுக்கணக்கில் இருந்து மற்ற வகைகள் இல்லையென்றால் சந்தேகப்பட வேண்டிய அறிகுறி. எண்ணிக்கையைவிட எத்தனை வகை என்று பாருங்கள். அதைவிட உறுதியான சான்று கோரைத் தண்டில் ஒட்டியிருக்கும் உரித்த தோல். நீருக்குள் வளர்ந்த இளம்புழு தண்டில் ஏறி, முதுகு பிளந்து வெளிவந்த அடையாளம் அது. பறந்து வந்த விருந்தாளியா, இந்தத் தண்ணீரிலேயே பிறந்ததா என்ற கேள்விக்குத் தோல்தான் பதில். காற்றும் மழையும் தட்டிவிடும் என்பதால் காலையிலேயே தேட வேண்டும்.

கணக்கெடுக்க விரும்புவோர் கரையில் நூறு மீட்டரை அளந்துகொண்டு, பத்து மணிக்கும் பன்னிரண்டுக்கும் இடையே, மேகமும் பலத்த காற்றும் இல்லாத நாளில், இருபுறமும் இரண்டு மீட்டருக்குள் தெரிவதை மட்டும் எழுதலாம். ஒவ்வொரு முறையும் அதே நூறு மீட்டர், அதே வேகம். இடம் மாறினால் ஒப்பிட எதுவும் இருக்காது.

இங்கேதான் ஒரு வேண்டுகோள். மழைக்கு முந்தைய தூய்மைப் பணி என்று கரைக் கோரையை முழுக்க வழித்தெடுப்பது இதே மாதங்களில் நடக்கிறது. இலைக்கோழி என்னும் நீர்ப்பறவையின் ஆண் முட்டை மேல் அடைகாத்து உட்கார்ந்திருப்பதும், தட்டான் புழு ஏறி வருவதும் இந்த நேரத்தில்தான். ஆகாயத்தாமரையை அகற்றட்டும், மதகையும் வாய்க்காலையும் திறந்துவிடட்டும், யாரும் தடுக்கவில்லை. ஆனால் கோரையை ஓராண்டு ஒரு கரையிலும் மறு ஆண்டு எதிர்க்கரையிலும் மட்டும் வெட்டினால் போதும். வெட்டும் பக்கத்திலும் நீரோரமாக இரண்டு மீட்டர் அகலத்துக்கு விட்டுவைக்கலாம். 2022இல் ராம்சர் என்னும் பன்னாட்டுச் சதுப்புநிலப் பட்டியலில் ஏறிய பள்ளிக்கரணையைச் சுற்றியுள்ள சிற்றேரிகளிலாவது இந்த ஆண்டு தூய்மைப் பணி ஒப்பந்தத்தில் இந்த ஒரு வரியைச் சேர்க்கச் சம்பந்தப்பட்ட துறையினர் முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், சென்னை