‘புரிகிறது’ என்ற பதில் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குற்றம் சாட்டப்பட்ட ஒருவரை உளவியல் மதிப்பீட்டுக்கு நீதிமன்றம் அனுப்பும்போதெல்லாம், தண்டனைக்குப் பயந்து நடிக்கிறார் என்ற பேச்சு எழுகிறது. இத்தகைய மதிப்பீடுகளைச் செய்துவரும் மருத்துவ உளவியலாளர் என்ற முறையில், இந்தப் பேச்சு எனக்கு வேதனை தருகிறது.

குற்றம் நடந்தபோது அவருடைய மனநிலை எப்படி இருந்தது என்பது வேறு கேள்வி. இன்று அவரால் வழக்கைப் புரிந்துகொண்டு, தன் வழக்கறிஞரிடம் கலந்துபேச முடியுமா என்பதையே நாங்கள் பார்க்கிறோம். நாளும் இடமும் தெரிகிறது, நடந்தது ஓரளவு நினைவிருக்கிறது என்பது மட்டும் இதற்குப் போதாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1960ஆம் ஆண்டிலேயே டஸ்கி வழக்கில் கூறிவிட்டது. ஆனாலும், பெயரையும் கிழமையையும் சரியாகச் சொன்னார் என்பதற்காகவே ‘விசாரணைக்குத் தகுதியுடையவர்’ என்று அரைப் பக்கத்தில் முடிக்கப்பட்ட அறிக்கைகளை நான் படித்திருக்கிறேன்.

அறிவுசார் குறைபாடுள்ள ஓர் இளைஞரிடம், “நீதிபதி சொல்வது புரிகிறதா?” என்று கேட்டேன். “புரிகிறது” என்றார். “வழக்கறிஞர் யாரென்று தெரியுமா?” என்றதற்கு “தெரியும்” என்றார். “அவர் உங்களுக்காக என்ன செய்வார்?” என்று கேட்டபோதுதான், நெடுநேரம் தலைகுனிந்திருந்துவிட்டு, “நான் சொல்வதையெல்லாம் போலீஸிடம் சொல்லிவிடுவார்” என்றார். முதல் இரண்டு பதில்களோடு நான் எழுந்து வந்திருந்தால், தன் பக்கம் நிற்பவர் யாரென்றே அறியாத ஒருவர் கூண்டில் ஏறியிருப்பார்.

நடிப்பவர்களும் உண்டு, அதைக் கண்டறியத் தனிச் சோதனைகளும் தொடர்ந்த கண்காணிப்பும் இருக்கின்றன. ஆனால் இத்தகைய குறைபாடுள்ளவர்களில் பலர், வெட்கத்தால், புரிந்ததுபோலக் காட்டிக்கொள்ளவே பாடுபடுகிறார்கள் என்பதைத்தான் வெளியில் பலரும் அறிவதில்லை.

தகுதியில்லை என்றால் விடுதலை என்றும் பொருளல்ல. மனச்சிதைவு போன்ற நோயுள்ளவர்களில் பலர் சிகிச்சைக்குப் பின் விசாரணைக்குத் திரும்புகிறார்கள். திரும்ப இயலாதவர்களின் நிலைதான் கொடுமை. மொத்தம் 9 டாலர் மதிப்புள்ள இரு வழிப்பறிகளுக்காக, காது கேளாத, வாய் பேசாத, சிறு குழந்தையின் அறிவு வளர்ச்சியே உடைய ஒருவரைக் காலவரையின்றி அடைத்து வைத்திருந்ததைத்தான் 1972ஆம் ஆண்டு ஜாக்சன் வழக்கில் அதே நீதிமன்றம் தவறென்றது.

ஆகவே மதிப்பீடு ஒரே சந்திப்பில் முடியாமல், அவரவர் தாய்மொழியிலோ சைகை மொழியிலோ நடக்க வேண்டும்; அறிக்கையில் அவருடைய சொற்கள் அப்படியே பதிவாக வேண்டும்; தகுதியற்றவர் எனக் கண்டால், மறுஆய்வு நாளையும் நீதிமன்றம் அந்த உத்தரவிலேயே குறிக்க வேண்டும்.

இப்படிக்கு,
மருத்துவ உளவியலாளர் ஒருவர்