பழைய குழந்தைத் துணி, 1

அன்புள்ள கண்ணா,

தாத்தாவின் விம்பெலை, தோரா வேதச் சுருளைச் சுற்றிக் கட்டுகிற அந்தத் துணிப்பட்டையை, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டட்டுமா என்று போனில் கேட்டாய். வேண்டாம்ப்பா. அகலம் ஒரு சாண்கூட இல்லை, நீளம் மூன்று மீட்டருக்கு மேல். எந்தச் சட்டத்தில் அடங்கும்?

1930 ஏப்ரலில், பிறந்த எட்டாம் நாள் விருத்தசேதனத்தின்போது அவரைக் கிடத்தியிருந்த துணி அது. அப்புறம் என் பாட்டி அதை நாலாகக் கிழித்து, நீளவாக்கில் இணைத்து, அவர் பெயர், அப்பா பெயர், 5690 என்ற எபிரேய ஆண்டு எல்லாம் பட்டு நூலில் தைத்தாள். “தோராவுக்கும் மணப்பந்தலுக்கும் நற்செயலுக்கும் வளரட்டும்” என்று வாழ்த்து. நிசான் மாதம், மேஷ ராசி. பாட்டி தைத்த ஆடு நாய்க்குட்டி மாதிரி இருக்கும், பார்த்திருப்பாய்.

மூன்று வயதில் அதை ஜெர்மனியில் அவர்கள் ஊர் யூத ஜெப ஆலயத்தில் தோராச் சுருளைச் சுற்றக் கொடுத்தார்கள். 1938-ல் ஓரத் தையல் விட்டுப்போக, சரிசெய்து தருகிறேன் என்று பாட்டி வீட்டுக்கு எடுத்துவந்தாள். அந்த நவம்பரில் நாஜிகள் ஜெப ஆலயத்தைக் கொளுத்தினார்கள். ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேர் விம்பெலும் உள்ளே. பாட்டி அதன் பிறகு அந்த ஓரத்தைத் தைக்கவே இல்லை. இப்போதும் நூல் தொங்குகிறது, வெட்டிவிடாதே.

மறு வருஷம் வெள்ளி விளக்குத்தண்டுகளை அரசாங்கமே பிடுங்கிக்கொண்டது. நாட்டை விட்டுக் கிளம்பும்போது ஆளுக்குக் கையில் 10 மார்க்தான். கொண்டுபோகிற சாமான் ஒவ்வொன்றையும் பட்டியல் எழுதிக் கொடுக்கணும். அதில் பாட்டி, “பழைய குழந்தைத் துணி, 1” என்று எழுதினாள். பொய் இல்லையே!

1943-ல் நியூயார்க்கில், தாத்தாவின் பதின்மூன்றாம் வயதுச் சடங்கான பார் மிட்ஸ்வா அன்று தோராவைச் சுற்றியிருந்தது அதுதான்.

உனக்கு நான் தைக்கவில்லை. வேலை, வீடு, அதோடு இதெல்லாம் பழைய ஊர்ச் சமாசாரம் என்ற நினைப்பு. உன்னைக் கிடத்தின துணியை எங்கே போட்டேன் என்றுகூட ஞாபகம் இல்லை. நீ கேட்டதே இல்லை, ஆனாலும் எனக்கு உறுத்துகிறது.

அதனால் வியாழக்கிழமை சடங்கு முடிந்ததும் உன் மகனின் துணியை அலசிக் காயவைத்து எனக்கு அனுப்பு. கறை முழுக்கப் போகாவிட்டாலும் பரவாயில்லை. பெயரை முன்னாலேயே சொல்லக் கூடாது, தெரியும். அன்று சாயங்காலமே எபிரேயத்தில் எழுத்துக்கூட்டி அனுப்பு. பிழையாகத் தைத்தால் பிரிக்கிற பாடு எனக்குத்தான். விருச்சிக ராசி, நல்லவேளை. ஆட்டைவிடத் தேள் சுலபம்.

மூன்று வருஷம் இருக்கிறதே என்பாய். என் கண் அதுவரை காத்திருக்காது.

அம்மா