நீ அனுப்பிய கணக்கு

ஜார்ஜ் டவுன், பினாங்கு

அன்பு பாப்பாவுக்கு,

ஒவ்வொரு மதத்திலும் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணி நீ அனுப்பிய அட்டவணையை உன் தம்பி அச்செடுத்துக் கொடுத்தான். கைப்பேசியில் அந்தப் பொடி எழுத்து எனக்குத் தெரிவதில்லை. குர்ஆனில் பெயர் சொல்லப்பட்ட நபிமார் 25, பெண் 0. சீக்கிய குருமார் 10, பெண் 0. யூத மரபில் ஆண் தீர்க்கதரிசிகள் 48, பெண்கள் 7. ஆழ்வார் 12இல் 1, நாயன்மார் 63இல் 3. கடைசியில் சிவப்பு எழுத்தில், "இத்தனை வருஷம் சுற்றுலாப் பயணிகளைக் கூட்டிக்கொண்டு கோயில் கோயிலாகப் போனீர்களே அப்பா, ஒரு நாளாவது இதை எண்ணிப் பார்த்தீர்களா?" என்று கேட்டிருக்கிறாய்.

எண்ணவில்லை. வழிகாட்டிக்கு ஒரே எண்ணம்தான்: கப்பலில் வந்த நாற்பது பேரும் நாற்பது பேராகவே திரும்பிப் போய்ச் சேர வேண்டும்.

உன் எண்களில் தப்பில்லை, நான் தெரிந்தவர்களிடம் விசாரித்துவிட்டேன். ஆனால் நீ புத்தகங்களில் இருப்பவர்களை எண்ணியிருக்கிறாய். எனக்குப் பழக்கமானது தெரு. இந்த பிட் ஸ்ட்ரீட்டில் (புதுப் பெயர் உனக்கும் வராது, எனக்கும் வராது) கூட்டத்தை நிறுத்தி நான் அதிகம் பேசிய இடம் சீனர்களின் கருணைத் தெய்வமான குவான் யின் கோயில். ஊதுவத்திப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டே சொல்வேன்: இந்த அம்மன் இந்தியாவிலிருந்து புறப்பட்டபோது ஆண். அவலோகிதேஸ்வரர் என்று பெயர், பௌத்தர்கள் வணங்கும் போதிசத்துவர், சிலைகளில் மீசைகூட உண்டு. சீனாவுக்குப் போய்ச் சில நூற்றாண்டுகள் கழித்துப் பெண்ணாகிவிட்டார். எந்த அரசனும் சட்டம் போட்டு மாற்றவில்லை. பிள்ளை வரம் கேட்டும், நோய் தீரக் கேட்டும் வந்தவர்களுக்கு ஓர் அம்மா தேவைப்பட்டாள் என்றுதான் நான் நினைக்கிறேன். அறிஞர்கள் வேறு காரணங்களும் சொல்வார்கள். ஆயர் ஈத்தாம் மலையில் 30 மீட்டர் உயரத்துக்கு வெண்கலத்தில் நிற்பதும் இவள்தான். 2002இல் அந்தச் சிலை முடிந்தபோது உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினேன். உனக்கு நினைவிருப்பது கீழே இருந்த ஆமைக்குளம் மட்டும்தான்.

இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. வீரசோழியம் என்ற பழைய இலக்கண நூல், அகத்தியர் தமிழ் கற்றதே அவலோகிதரிடம்தான் என்கிறது. எழுதியவர் பௌத்தர், சொல்லத்தான் செய்வார். ஆனாலும் நமக்குத் தமிழ் சொல்லித்தந்த வாத்தியாரும் அந்தச் சீனக்கோயில் அம்மாவும் ஒரே ஆள் என்று சொல்லும்போது தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்த ஒரு நிமிடத்துக்காகவே சில நாள் வேலைக்குப் போயிருக்கிறேன்.

அதே மாதிரி புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள். ஜூலை திருவிழாவில் நம் பக்கத்து வீட்டு அக்கா, அவர் கிறிஸ்தவரே இல்லை, நம் மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்வது போலவே நேர்ந்துகொண்டு மெழுகுவர்த்தி ஏற்றப் போவாரே, அந்த அன்னம்மாள்தான். மரியாளின் தாய், இயேசுவுக்குப் பாட்டி. பைபிளில் அவர் பெயரே கிடையாது. இரண்டாம் நூற்றாண்டில், பைபிளில் சேர்க்கப்படாத ஒரு நூலில்தான் அவர் கதை வருகிறது. ஒரு வரிகூடக் கிடைக்காதவருக்கு ஊரே திரண்டு திருவிழா எடுக்கிறது. உன் அட்டவணையில் இவரை எந்தக் கட்டத்தில் போடுவாய்?

நபிமார் கட்டத்தில் நீ போட்ட 0 சரி. அதைப் பற்றி நம் பள்ளிவாசல் பக்கத்து ஹாஜியார் மாமாவிடம் கொஞ்சம் தயங்கித்தான் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை, தே தாரிக் (இழுத்து ஆற்றிய தேநீர்) வாங்கிக் கொடுத்தார். குர்ஆனில் பெயர் சொல்லப்பட்ட ஒரே பெண் மர்யம் என்றும், 19ஆம் அத்தியாயமே அவர் பெயரில் இருக்கிறது என்றும் சொன்னார். பதினோராம் நூற்றாண்டில் ஸ்பெயினின் குர்துபாவில் இருந்த இப்னு ஹஸ்ம் என்ற அறிஞர், மர்யமுக்கும் மூஸா நபியின் தாய்க்கும் வானவர் வழியாகச் செய்தி வந்ததால் அவர்களுக்கும் நபித்துவம் உண்டு என்று வாதாடினாராம். பெரும்பாலானோர் ஏற்கவில்லை. ஆனால் வாதாட ஆள் இருந்திருக்கிறது.

அப்புறம் அவர் இப்ராஹீம் நபியின் மனைவி ஹாஜரா அம்மையாரைப் பற்றிச் சொன்னார். பாலைவனத்தில் குழந்தை தாகத்தில் அழ, ஸஃபா, மர்வா என்ற இரண்டு குன்றுகளுக்கும் நடுவே தண்ணீர் தேடி ஏழு தடவை ஓடியவர். மக்காவுக்குப் போகிற அத்தனை பேரும் இன்றுவரை அந்த ஏழு தடவையை நடக்கிறார்கள். "ஒரு தாயின் தவிப்புத்தான் எங்களுக்கு வழிபாடு" என்றார் மாமா. பிறகு சிரித்துக்கொண்டே, "அதில் பச்சை விளக்கு எரிகிற இடத்தில் வேகமாக ஓட வேண்டியது ஆண்கள் மட்டும்தான், பெண்கள் நடந்தால் போதும்" என்றார். ஓடினது ஒரு பொம்பளை, இப்போது ஓடுவது ஆம்பளைகள். அவருக்கும் எனக்கும் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

யூதர்களின் 7 பேரில் உல்தாளை எனக்குத் தெரியும். கப்பலில் வந்த ஒரு பாட்டி, இங்கே ஜாலான் ஜைனால் ஆபிதீனில் இருக்கும் யூதர் கல்லறைத் தோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்றார். வாசலில் நின்றபடியே கதை சொன்னார். யோசியா ராஜா காலத்தில் ஆலயத்தைப் பழுதுபார்த்தபோது பழைய வேதச் சுருள் ஒன்று கிடைத்ததாம். ராஜா விளக்கம் கேட்டு ஆள் அனுப்ப, போனவர்கள் பெரிய தீர்க்கதரிசியான எரேமியாவிடம் போகாமல் உல்தாளிடம் போனார்கள். எரேமியா அப்போது உயிரோடு இருந்தார்! பின்னால் வந்த ரபீக்களுக்கு (யூத மத அறிஞர்களுக்கு) இது உறுத்தியிருக்கிறது. பெண் மனம் இளகியது, அதனால் போயிருப்பார்கள் என்று ஒரு சமாதானம். உல்தாள் என்றால் மரநாய் வகைப் பிராணி, அந்த 7 பேரில் இன்னொருவரான தெபொராள் என்றால் குளவி, தேனீ. திமிர் பிடித்த பெண்களுக்கு ஏற்ற பெயர்தான் என்று ஒருவர் கிண்டலே அடித்திருக்கிறார். பாட்டி இதைச் சொல்லிவிட்டு, "என் பேத்தியின் பெயர் தெபோரா" என்றார்.

ஜைனர் வழிபடும் தீர்த்தங்கரர் 24 பேரில் மல்லி பெண்ணா ஆணா என்று அவர்களின் இரண்டு பிரிவும் இன்னும் ஒத்துப்போகவில்லை. அதில் நான் தலையிடவில்லை.

நம் பக்கம் வருகிறேன். நாயன்மாரில் 3 என்று எழுதி ஒரு கோபக்குறியும் போட்டிருக்கிறாய். காரைக்கால் அம்மையாரைச் சிவன் "அம்மையே" என்று அழைத்தார், கோயிலில் மற்ற 62 பேரும் வரிசையாக நிற்க அவர் மட்டும் உட்கார்ந்திருப்பார் என்று நான் பெருமையாகச் சொல்வது வழக்கம். ஒரு தடவை உன் அம்மா கூட வந்திருந்தாள். எல்லாரும் போனபின் கேட்டாள்: "அந்த உட்காருகிற இடத்துக்காக அவர் உடம்பையே உதறிப் பேயாக வேண்டியிருந்ததே, அதை ஏன் நீங்கள் சொல்வதில்லை?" அதன்பின் அதையும் சொல்ல ஆரம்பித்தேன்.

உன் அட்டவணையில் நம் பெண் தெய்வங்களுக்கு "எண்ணிக்கை இல்லை" என்று போட்டிருக்கிறாய், அதில்தான் எனக்கு உறுத்தல். அதைப் பார்க்கிறவர்கள் நாம் ஏதோ ஜெயித்துவிட்டோம் என்று நினைப்பார்கள். லெபோ குயின் மாரியம்மன் 1833இலிருந்து இந்த ஊரைக் காவல் காக்கிறாள், பக்கத்தில் புருஷன் இல்லாமல், தனியாக. அவளைப் போன்ற இன்னோர் அம்மன் கோயிலில், எது என்று எழுதவில்லை, உனக்கே தெரியும், உன் அம்மா பதினான்கு வருஷம் உண்டியல் எண்ணினாள். கணக்கில் ஒரு ரிங்கிட்கூடத் தப்பியதில்லை. நிர்வாகத்தில் பொருளாளராக நிற்கலாமா என்று கேட்டபோது, "மகளிர் பிரிவு இருக்கிறதே, அன்னதானத்தைப் பார்த்துக்கொள்ளுங்களேன் அக்கா" என்றார்கள். யாரும் சத்தம் போடவில்லை, மரியாதையாகத்தான் சொன்னார்கள். கருவறையில் இருப்பவளும் பொம்பளை, சமையல்கட்டில் இருப்பவளும் பொம்பளை. நடுவில் சாவி வைத்திருந்தவர்கள் எல்லாரும் ஆம்பளைகள்.

அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன் பாப்பா. மூன்றாவது வரிசையில். வாய் திறக்கவில்லை. தலைவர் எனக்கு வேண்டியவர், அடுத்த வாரம் ஒரு பெரிய கப்பல் வருகிறது, கோயிலுக்குள் கூட்டத்தைக் கூட்டிப்போக அனுமதி வேண்டும் என்று என் மனம் கணக்குப் போட்டது. வீட்டுக்கு வரும் வழியில் உன் அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மீன் வாங்க வேண்டும் என்றாள். நீ கேட்ட "எண்ணிப் பார்த்தீர்களா" என்ற கேள்வி எனக்கு அந்த இடத்தில்தான் போய்த் தைத்தது.

இதுவரை எழுதியதை உன் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். குவான் யின் கதைக்குச் சிரித்தாள். உண்டியல் கணக்கு நோட்டுகள் பதினான்கும் இன்னும் பீரோவில் இருக்கின்றன என்றாள், எனக்கே தெரியாது. அடுத்த மாதம் கோயில் ஆண்டுக்கூட்டம். வேட்பு மனுத் தாள் மேசையில் கிடக்கிறது. முன்மொழிபவர் என்ற இடத்தில் நேற்று நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். வழிமொழிய ஓர் உறுப்பினர் வேண்டும், மூன்று பேரிடம் கேட்டாயிற்று, யோசித்துச் சொல்கிறேன் என்கிறார்கள். இன்று சாயங்காலம் நாலாமவரைப் பார்க்கப் போகிறேன்.

மெல்பர்னில் குளிர் தொடங்கியிருக்கும். அம்மா பின்னிய சால்வையைப் பெட்டியிலேயே வைக்காமல் போட்டுக்கொள்.

அன்புடன்,
அப்பா