மிளகாய் வேரும் பேனா மையும்

வெள்ளவத்தை,
ஞாயிறு பின்னேரம்

அன்புள்ள மச்சான்,

நாரி நோவு எப்படி? இங்கே எல்லாரும் சுகம், புழுக்கம்தான் தாங்க முடியவில்லை.

நீ பஸ்ஸில் போட்டுவிட்ட மிளகாய்க் கன்றுகளில் பாதியை உன் செம்மண்ணோடு வைத்தேன். மீதியை வேர் கழுவித் தும்புத்தூளில் நட்டுப் பசளையை அள்ளிப் போட்டேன். போன கிழமை இரண்டிலும் ஒவ்வொன்றைப் பிடுங்கி மகளிடம் கொடுத்தேன். கம்பஸில் வேரைக் காரக் கரைசலில் அவித்து, வினாகிரியில் பேனா மை கலந்து ஊறவைத்து, நுணுக்குக்காட்டியில் பார்த்துப் போனில் படம் எடுத்து வந்தாள். உன் மண்ணில் நின்ற வேரின் கலங்களுக்குள் நீல நிறத்தில் குட்டிக் குட்டி மரங்கள்! மண்ணிலிருந்து வேருக்குப் பொசுபரசு கொண்டுவந்து கொடுக்கிற பங்கசு, அதுதான் பூஞ்சணம், கிளைவிட்டு நிற்கிறதாம். மற்ற வேரில் ஒன்றுமில்லை.

பங்கசுதான் வேரைத் தேடிப் போகும் என்று நினைத்திருந்தேன். கூப்பிடுவது வேராம். பொசுபரசு தட்டுப்பாடு வந்தால் ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற ஓமோனை மண்ணில் கசியவிடும். அது பட்டதும் பங்கசின் இழை கிளைவிடும் என்று 2005இல் ஜப்பான்காரர் காட்டினார்கள். 2008இல் பார்த்தால், தண்டு அதிகம் கிளைவிடாமல் தடுக்கிற ஓமோனும் அதே சாமான்தான். வீட்டுக்குள் பிள்ளைகளை அதட்டுகிற ஆளே படலையில் நின்று அயலவனை 'வா, வா' என்று கூப்பிடுவது போல.

பங்கசும் சும்மா வருவதில்லை. சர்க்கரையும் கொழுப்பும் ஒட்டிய ஒரு சின்ன மூலக்கூறை முன்னாலேயே அனுப்பிவிடும். 2011இல் பிரான்ஸில் அதைப் பிரித்தெடுத்தார்கள். பங்கசே இல்லாமல் அதை மட்டும் கொடுத்தும், குதிரைமசால் இனத்துச் செடி ஒன்றில் பக்கவேர்கள் கூடின. அப்போ வேரின் வடிவம் செடியின் முடிவு மட்டுமில்லை.

வயிறு முட்டப் பசளை இருந்தால் செடி அவ்வளவாகக் கூப்பிடாது. என் தும்புத்தூளில் கூப்பிட்டிருந்தாலும் வர ஆள் இருந்திருக்காது, அது வேறு கதை. "ரெண்டு வேரைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதேங்கோ அப்பா" என்று மகள் சிரிக்கிறாள். சரிதான். ஆனாலும் தறைக்கு ரிஎஸ்பி என்ற பொசுபரசுப் பசளை போட முதல் ஒருக்கா மண்ணைப் பரிசோதித்துப் பார். பசளையை விடச் சொல்லவில்லை, 2021இல் தடை வந்து அது இல்லாமல் நீ பட்ட பாடு தெரியும். கோவா (முட்டைக்கோசு) பாத்திக்கு இந்தக் கதையே இல்லை; அந்தக் குடும்பம் இந்தப் பங்கசோடு சேராது.

அடுத்த முறை கன்று வேண்டாம், ஒரு பை மண் போட்டுவிடு. வாழையடி மண்ணும் கொஞ்சம் வேண்டுமாம் மகளுக்கு. மிளகாய் காய்த்துவிட்டது, ஆனால் சம்பலுக்கு உறைப்புக் காணாது என்று மனிசி சொல்கிறா.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழன்